வியாழக்கிழமைக் கண்ணாடி

என் தம்பி கண்ணாடி போடுகிறவன். மூக்கில் மாட்டுகிற கண்ணாடி அல்ல. கடை முகப்பு, ஜன்னல், குளியலறைத் தடுப்பு, மேசை மேல் விரிக்கிற பலகை, இந்த மாதிரி வேலைகள். தெருவில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். மட்டம் பார்க்கிற அந்தக் கருவியை எப்போதும் பின் பாக்கெட்டில் செருகியிருப்பான். யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் சாய்ந்து தொங்குகிற படத்தை நேராக்காமல் அவனால் உட்கார முடியாது. ஒரு சாவு வீட்டில் செத்தவருடைய போட்டோவையே மட்டம் பார்க்கப் போனான். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

அவனை நாங்கள் மூன்று வருடம் தொலைத்திருந்தோம். வீட்டில்தான் இருந்தான். வேளைக்குச் சாப்பிட்டான், தூங்கினான், வேலைக்குப் போனான். ஆனால் ஆள் எங்களுடையவன் இல்லை. திரும்பக் கிடைப்பானா, மாட்டானா என்பது கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காயத்தைப் பூசி மெழுகிப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எல்லாம் ஒரு மாடிப்படியில் தொடங்கியது. கண்ணாடி ஒற்றை ஆள் தூக்குகிற சாமான் இல்லை. பெரிய பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நம்பிக்கை. தம்பிக்கு வருடக்கணக்காக ஒரே ஜோடிக்காரர். அவர் அக்கரைக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மில்கள் மூடிய பிறகு பாலத்தைக் கடந்து பிழைக்க வந்த சனத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பேச்சில் கொஞ்சம் இழுவை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு அலுவலகத்தில் இரண்டு பேரும் கண்ணாடியோடு படியேறும்போது, அப்போதுதான் துடைத்த ஈரப் படி வழுக்கிவிட்டது. ஜோடிக்காரருக்குக் கட்டை விரல் முறிந்தது. தம்பிக்குத் தோள்பட்டை நொறுங்கியது.

மாதக்கணக்கில் கையைக் கழுத்தில் தொட்டில் போலக் கட்டி வீட்டில் கிடந்தான். சும்மா இருக்கத் தெரியாதவனைச் சும்மா உட்கார வைப்பது போல ஒரு தண்டனை கிடையாது. காலையில் ஜன்னலைப் பார்ப்பான், மத்தியானம் போனைப் பார்ப்பான், சாயங்காலம் பெண்டாட்டியிடம் எரிந்து விழுவான். அவன் பெண்டாட்டி தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள், பொறுமைசாலி. இரண்டு வேளை நானும் போய்க் கட்டு மாற்றிவிட்டு, திட்டிவிட்டு, சாப்பாடு வைத்துவிட்டு வருவேன். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்களே, அக்கா செய்வதெல்லாம் கணக்கில் வராது.

கணக்கில் வந்தவர் வேறு ஒருவர். டயர் கடைக்கு மாடியில் மன்றம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் கிடையாது. நான், எனக்கு அடுத்து இவன், அதோடு முடிந்தது. அந்தக் குறையைத் தம்பி நாற்பது வயதில் தீர்த்துக்கொண்டான்.

அந்த மனிதரைக் குறை சொல்லவே முடியாது, முதலில் அப்படித்தான் இருந்தது. பழம் வாங்கிக்கொண்டு வந்தார். சத்தம் போட்டுப் பேசவில்லை. தம்பி மகளின் காய்ச்சல் இறங்கியதா என்று அடுத்த தடவை மறக்காமல் கேட்டார். தோளுக்குப் பயிற்சி சொல்லித் தர ஆள் அனுப்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் மன்றத்துக்கு வந்து நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தால் மனசு லேசாகும் என்றார். நானே போய்விட்டு வா என்றேன். வீட்டில் கிடந்து பெண்டாட்டியைப் பிடுங்குவதற்கு அது மேல் என்று நினைத்தேன்.

முதல் சில வாரம் அங்கே அக்கரைப் பேச்சே கிடையாதாம். தேநீர், சீட்டாட்டம், யாருக்கு எங்கே வேலை காலி, யார் பெண்ணுக்கு எங்கே இடம் கிடைக்கும், இப்படித்தான். பிறகு ஒருநாள் அண்ணன் சாவதானமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"தம்பி, ரெண்டு பேரும்தானே தூக்கினீங்க? அவனுக்கு விரல், உங்களுக்குத் தோளு. அது எப்படி?"

அவ்வளவுதான். பதில் சொல்லவில்லை, கேள்வியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தவனுக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர் அடிக்கவே இல்லை, தடவிக் கொடுத்தே நகர்த்தினார். தோள் தேறியதும் தம்பி செய்த முதல் காரியம், ஜோடிக்காரரை இனி வர வேண்டாம் என்று சொன்னது. அந்த மனுஷன் வாசலில் நின்று, "நான் விடலைங்க, வழுக்கிருச்சு, உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தம்பி பெண்டாட்டி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கு அவள் சமைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக. மன்றத்துக்கு ஜன்னல் போட்டுக் கொடுத்தான். அதற்காக எல்லார் முன்னாலும் அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் யாரும் சால்வை போர்த்தியதில்லை. அக்கரைக்காரர்கள் வீட்டில், கடையில் வேலை எடுப்பதில்லை என்று மன்றத்தில் எல்லாரும் சத்தியம் செய்தபோது அவனும் செய்தான். போனில் எந்நேரமும் ஏதோ வீடியோ. அக்கரைக்காரன் எவனோ எங்கேயோ எதையோ செய்தான் என்று ஒருவன் கத்திக்கொண்டிருப்பான். குட்டியை, அதுதான் அவன் மகள், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற அக்கரைச் சிநேகிதியோடு பேசக் கூடாது என்றான். பேச்சும் மாறியது. "அவங்க வந்தாங்க" என்றிருந்தவன், "அதுங்க வந்துச்சுங்க" என்று ஆரம்பித்தான். மனிதரை ஆடு மாடாக்க ஒரு நாக்குப் போதும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. சண்டை போட்டேன்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். உன் தோளுக்கு அந்தாளு ஏண்டா இவ்வளவு அழுவுறாரு?"

"உனக்குப் புரியாதுக்கா. நீ அதுங்களுக்கும் ஊசி போடுறவ."

"ஆமாண்டா, ரத்தம் ஒரே கலர்லதான் வருது. வேணும்னா வந்து பாரு."

சண்டை போட்டால் இன்னும் இறுகினான். எனக்குக் கெட்டவர்கள் மேல் கோபம் வந்ததைவிட, இவ்வளவு நல்ல கைகள் இருக்கிறவனுக்கு மூளை இப்படிக் களிமண்ணாகிவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது. என் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கூடத்தில் எங்கள் கல்யாணப் போட்டோ சாய்ந்து தொங்கும். அதன் கீழேயே உட்கார்ந்திருப்பான், நிமிர்ந்து பார்க்க மாட்டான். அதை நேராக்க என் கை பரபரக்கும். ஆனால் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். என்றைக்காவது அவன் பார்ப்பான் என்று ஒரு நப்பாசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் டியூட்டியில் இருந்தேன். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயசு இருக்கும். இடது கையில் லைனிங் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது, துணியின் கலர் என்னவென்றே தெரியவில்லை. கடைத்தெருவில் துணி தைக்கிற கடை வைத்திருக்கிறவர். அக்கரை இழுவை. விடுமுறை நாள்தானே, கதவைச் சாத்திக்கொண்டு பாக்கி இருக்கிற துணியை முடிக்கலாம் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறார். யாரோ வந்து முகப்புக் கண்ணாடியை அடித்து உடைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். கண்ணாடி அப்படியே மேலிருந்து கத்தி கத்தியாக இறங்கியிருக்கிறது. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கியிருக்கிறார்.

டாக்டர் கையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம். தட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அழவில்லை. "சிஸ்டர், இது வாடிக்கையாளர் துணி, இப்படிப் பாழாயிருச்சே" என்று லைனிங் துணியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். நரம்பும் தசைநாரும் அறுந்திருந்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மெஷினில் துணியைத் தள்ளிக் கொடுக்கிற கை அது.

டியூட்டி முடிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவனைச் சந்தேகப்பட்டுப் போகவில்லை. மனசு ஆறவில்லை, தம்பி பெண்டாட்டியிடம் சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. சமையல்கட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான்.

"எந்தக் கடைக்கா?"

"கடைத்தெரு முக்குல, தையல் கடை."

"அங்க யாருக்கும் அடிபட்டிருக்காது. அது டஃபன் கண்ணாடி. உடைஞ்சா கல்கண்டு மாதிரி பொடிப்பொடியா உதிரும். வெட்டாது."

"நான் அந்தத் துண்டை இந்தக் கையால வாங்கினேண்டா. இத்தனை நீளம்." என் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன்.

"இல்லக்கா. அந்தக் கடைக்கு நான்தான் போட்டேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

தம்பி பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு அவனையே பார்த்தாள். ஏதோ நினைவுக்கு வந்தவன் போலப் பின்பக்கக் கொட்டகைக்கு ஓடினான். நாங்கள் பின்னாலேயே போனோம். சுவரில் சாய்த்து வைத்திருந்த பிளைவுட் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசினான். கடைசியில், எல்லாவற்றுக்கும் பின்னால், காகிதம் சுற்றிய ஒரு கண்ணாடி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டஃபன் கண்ணாடி என்பது சூட்டில் வைத்துக் கெட்டிப்படுத்தியது. நடுவில் கல்லால் அடித்தால்கூடத் தாங்கும், உடைந்தாலும் ஆளை வெட்டாது. ஆனால் ஒருமுறை கெட்டிப்படுத்திவிட்டால் அதை வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது. அளவெடுத்துச் சொல்லி ஃபேக்டரியில் செய்து வர வேண்டும். அந்தத் தையல் கடைக்கு ஆர்டர் கொடுத்த கண்ணாடி வர நாளாகும் என்று, அதுவரைக்கும் இருக்கட்டும் என்று சாதா கண்ணாடியை மாட்டிவிட்டு வந்திருக்கிறான். அதற்குள் படியில் விழுந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டஃபன் வந்து இறங்கியிருக்கிறது. தேறி எழுந்தபோது மன்றத்தில் சத்தியம் செய்துவிட்டான், அக்கரைக் கடைக்குள் காலை வைப்பதில்லை என்று. அந்த அம்மா இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டாராம். போகவில்லை. வேறு எந்தக் கடைக்கும் அது பொருந்தாது, வெட்டி உபயோகிக்கவும் முடியாது. அப்படியே மூலையில் நின்றது, மேலே பலகைகள் ஏறின, இவனும் மறந்துபோனான். போட்டாகிவிட்டது என்றே மனசில் பதிந்துவிட்டது.

"அதை உடைக்கப் போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டது நான் அல்ல, அவன் பெண்டாட்டி.

தலையைத் தூக்காமலே சொன்னான். மன்றத்தில் சும்மா ஒரு பயம் காட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அண்ணன் இவன் பக்கம் திரும்பி, இதில் நம் தம்பியைவிட விஷயம் தெரிந்தவர் யார் என்று கேட்டாராம். இவன் எழுந்து நின்று பாடம் எடுத்திருக்கிறான். நடுவில் அடிக்காதீர்கள், கல் திரும்பி வரும். கீழ் மூலையில், ஓரத்தை ஒட்டி, கூரான இரும்பால் ஒரு தட்டு. முழுக் கண்ணாடியும் உதிர்ந்துவிடும். ஒருத்தருக்கும் கீறல் விழாது. மாதக்கணக்கில் எவரும் ஒரு வார்த்தை கேட்காமல் கிடந்தவன் வாயை ஒரு அறை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாயே என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

இதோடு கதை முடிந்தது, ஆள் திருந்திவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் ஷூ மாட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடிக்கக்கூடப் போயிருப்பேன். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று பிறகு அவனே சொன்னான்.

அந்த அம்மாவின் கை போனதை அண்ணனிடம் சொன்னால் அவரும் பதறிப்போவார் என்று நம்பித்தான் போயிருக்கிறான். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். தோளில் கை வைத்தார். அதே தோள்.

"வருத்தமாத்தான் இருக்கும் தம்பி. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தத் தெருவுல இப்ப ரெண்டு கடை காலி பண்றதாக் கேள்வி. உதிர்ற கண்ணாடிக்கு அது நடந்திருக்குமா?"

அண்ணன் தேநீரை இவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்க அறிவு நமக்கு இன்னும் வேணும். மத்த கடைங்கள்ல எதெது சாதா கண்ணாடின்னு மட்டும் சொல்லுங்க."

டஃபன் எது என்று கேட்கவில்லை. சாதா எது என்று கேட்டார். என் தம்பிக்கு அரசியலும் தெரியாது, தர்மசாஸ்திரமும் தெரியாது. ஆனால் சாதா கண்ணாடி எப்படி இறங்கும் என்று தெரியும். தேநீரை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

வந்தவன் இரண்டு மூன்று நாள் பேயறைந்த மாதிரி இருந்தான். அவன் பெண்டாட்டிதான் முடிவு கட்டினாள். "ஸ்டேஷனுக்கு நீங்களே போறீங்களா, நான் போகவா?" என்று கேட்டாள், தபால் பட்டுவாடா கேட்கிற குரலில். அவனே போனான். எல்லாவற்றையும் சொன்னான், தான் பாடம் எடுத்தது உட்பட.

கேஸ் நடந்தது. அண்ணனும் உடைத்தவர்களும் உள்ளே போனார்கள். தம்பியையும் சும்மா விடவில்லை, சில மாதம் அவனும் இருந்துவிட்டு வந்தான். நியாயம்தான் என்றுதான் நான் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். சாட்சிக் கூண்டில் அவன் எந்த மூலையில் தட்டச் சொன்னான் என்பதை விவரமாகச் சொன்னபோது அந்த அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. ஒருமுறைகூட அவர் முகத்தைத் திருப்பவில்லை. இவன்தான் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்த கொஞ்ச நாளில் தொழிலுக்கு இவன் வைத்திருந்த சின்னக் கடையின் கண்ணாடிக் கதவை யாரோ உடைத்துவிட்டுப் போனார்கள். கீழ் மூலையில் ஒரே தட்டு. வாத்தியார் சொல்லித் தந்ததை மாணவர்கள் மறக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கூட்டி அள்ளினான். போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "சரியாத்தான் தட்டியிருக்காங்க" என்றான்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பெரிய கஷ்டம் வியாழக்கிழமைதான்.

மூன்று வருடம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் படியேறிப் போனவன். அங்கே அவனைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட ஆள் இருந்தது. இப்போது பழைய சிநேகிதர்கள் இவனைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். அக்கரைக்காரர்கள் இவனைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். ஜோடிக்காரருக்குப் பலமுறை போன் செய்தான், அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தலையெழுத்தா? வியாழன் வந்தால் சாயங்காலம் ஷூவை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பானாம். "அண்ணி, அவர் எங்கயும் போகல, ஆனா ஷூ மட்டும் போட்டுக்கிறார். எனக்குப் பயமா இருக்கு" என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள்.

அவனிடமே கேட்டேன். மழுப்பாமல் சொன்னான்.

"அவங்க செஞ்சது தப்புன்னு தெரியுதுக்கா. ஆனா அவங்கள மாதிரி என்னை யாரும் வா உட்காருன்னு சொன்னதில்ல. அத நினைச்சா இப்பவும் அங்க போகணும்போல இருக்கு. நான் என்ன செய்ய?"

அடுத்த வியாழக்கிழமை டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். டயர் கடைக்கு எதிர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். மன்றத்தில் விளக்கு எரிந்தது. அண்ணன் போனால் என்ன, வேறு ஒரு அண்ணன் வந்திருப்பார். தம்பி மேலே அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனே போட்ட ஜன்னல். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தான். இந்த வாரம் தப்பித்தோம், அடுத்த வாரம் யார் கண்டது.

அடுத்த வியாழன் மத்தியானம் சமையலறை ஜன்னலை இடிகல்லால் உடைத்தேன். உடைத்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

"டேய், பசங்க கல் எறிஞ்சு ஜன்னல் உடைஞ்சிருச்சு. காத்து அடிக்குது. சாயங்காலம் வந்து போடு."

"நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு எனக்கு டியூட்டி. இன்னிக்கே வா."

வந்தான். அளவெடுத்தான், வெட்டினான், பழைய புட்டிப் பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தான். முடித்ததும் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போனான். அதற்கடுத்த வியாழன் குளியலறை. அதற்கடுத்தது மாடிப்படி ஜன்னல். என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முறம் எடுத்து வந்தார். நல்ல மனிதர். அன்று சாப்பிடும்போது மட்டும், "அலமாரிக் கண்ணாடி எங்கம்மா கொடுத்தது, அதைக் கடைசியா வச்சுக்க" என்றார்.

ஐந்தாவதோ ஆறாவதோ வாரம், கூடத்து ஜன்னல். தம்பி வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா."

"என்னடா?"

"அடுத்த தடவை வெளியில நின்னு அடி. துண்டெல்லாம் வெளியில கிடக்கு. கல் எறிஞ்ச பசங்க உன் வீட்டுக்குள்ளயா நின்னு எறிஞ்சாங்க?"

"முதல் வாரமே தெரியுமா?"

"இது என் தொழிலுக்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் ஜன்னலைப் போட்டான். கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு உட்காரப் போனவன், நின்று சுவரைப் பார்த்தான். பின் பாக்கெட்டிலிருந்து ரசமட்டத்தை எடுத்து எங்கள் கல்யாணப் போட்டோவின் மேல் வைத்து, ஒரு விரலால் நகர்த்தி நேராக்கினான். "இத்தனை நாளா இப்படியா தொங்குது?" என்று என்னைத்தான் கேட்டான். நான் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவிக்கொண்டே சொன்னான், "அந்தம்மா கடையில இன்னும் அட்டை வச்சு அடைச்சிருக்குக்கா. போகும்போது வரும்போது பார்க்கிறேன். கொட்டகையில அவங்க கண்ணாடி நிக்குது."

அவங்க என்றான்.

"போய்ச் சொல்லு."

"விரட்டுவாங்க."

"விரட்டினா வந்துரு. அவங்க கண்ணாடிதானே, வேணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

தனியாகப் போகப் பயந்தான். தூக்கவும் இரண்டாவது ஆள் வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் கூடப் போனோம். அந்த அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார். மடங்காத இரண்டு விரலையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் துணியைத் தள்ளித் தள்ளித் தைத்தார். முன்னே ஒரு நாளில் தைத்தது இப்போது மூன்று நாள் ஆகிறதென்று பின்னால் சொன்னார். என்னை அடையாளம் கண்டு, "சிஸ்டர், வாங்க" என்றார். எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்ததும் மெஷின் நின்றது.

தம்பி மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோய், "உங்க கண்ணாடிங்க. அப்பவே வந்திருச்சு. நான்தான் கொண்டுவரல" என்றான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

அந்த அம்மா வெளியில் வண்டியில் கட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அட்டை அடைத்த முகப்பைப் பார்த்தார்.

"இருட்டில தைக்க முடியல. போடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பிடித்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் மூலையில் நின்ற கண்ணாடி சட்டத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. சிலிக்கான் பூசி, துடைத்து, மட்டம் பார்த்தான். கடைக்குள் வெளிச்சம் விழுந்தது. அந்த அம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கண்ணாடியின் முன்னால் குனிந்து, கத்தரிக்கோலின் கைப்பிடியால் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"கோர்ட்ல சொன்னீங்களே, இங்க தட்டினா மொத்தமும் போயிரும்னு. இந்த இடம்தானே?"

"ஆமாங்க."

"அப்ப இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. நீங்க சொல்லிக் கொடுத்த ஆளுங்க இன்னும் வெளியிலதான் இருக்காங்க."

தம்பி மண்டியிட்டு அந்த மூலையைப் பார்த்தான். விரலால் அளந்தான். அந்த மாதிரி அவன் ஒரு வேலையைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

"ரெண்டு மூலைக்கும் உள்ளே ரப்பர் வச்சு ஸ்டீல் தகட்டை மடக்கிப் போட்டு மூடிட்டா எவனாலயும் தட்ட முடியாதுங்க. செஞ்சு கொண்டாறேன். எப்ப வரட்டும்?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. மெஷினுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, துணியை உள்ளங்கையால் இழுத்துச் சரி செய்துகொண்டார்.

"மத்த நாள்ல துணி கொடுக்க ஆளுங்க வருவாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. இந்தத் தெருவுல இன்னும் நாலு கடை இருக்கு, அவங்களுக்கும் போடணும். ஒரே நாள்ல முடியாது."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை எங்கள் வீட்டில் எந்தக் கண்ணாடியும் உடையவில்லை.